கட்டிங் பிளேயர் போதுமா?

கேள்வி: காரில் ஆம்ப்ளிஃபயர் பொருத்த கட்டிங் பிளேயரே போதாதா? ஸ்ட்ரிப்பர், கிரிம்பர் என்று தனித்தனியாக வாங்க வேண்டுமா?
(வாசகர், ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்)

பதில்: வாங்கத்தான் வேண்டும். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து உங்கள் ஊர்ச் சுரங்கங்களுக்கு ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தாண்டி மின்சாரம் வந்தது. வோல்டேஜை உயர்த்திக் கரண்டைக் குறைத்ததால்தான் அது முடிந்தது. காரில் நிலைமை தலைகீழ்: இருப்பது 12 வோல்ட், எனவே 500 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு 40 ஆம்பியருக்கு மேல் ஓடும். இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே அந்த ஓரிடத்தில் 16 வாட் சூடு பிறக்கும். பிளேயரால் உரித்தால் செம்பு இழைகள் சில வெட்டுப்படும். அதாலேயே நசுக்கினால் டெர்மினல் சப்பையாகி உள்ளே இடைவெளி விழும். வயர் அளவு குறித்த துளைகள் உள்ள ஸ்ட்ரிப்பரும், முழுதாக அழுத்தும்வரை வாய் திறக்காத ராட்செட் கிரிம்பரும் இந்தக் குறைகளைத் தவிர்க்கும். கிரிம்பரின் வாய் உங்கள் டெர்மினலுக்குப் பொருந்துகிறதா என்பதே விலையைவிட முக்கியம். பிளாஸ்டிக் உறை போட்டதற்கு ஒன்று, உறையில்லாததற்கு வேறு.

சால்டர் வைத்தால் போதாதா என்பார்கள். சால்டர் இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்கும். வண்டி குலுங்கக் குலுங்க, விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும். செலவு என்பது நியாயமான கவலைதான். தடித்த பேட்டரி கேபிளுக்கான ஹைட்ராலிக் கிரிம்பரை ஒரே வேலைக்காக வாங்க வேண்டாம். அது வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் கேபிள் முனைக்கான தடித்த டெர்மினலை (லக்) அடித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை நீங்களே கிரிம்ப் செய்து, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். கழன்றால் மறுபடி நசுக்காமல், வெட்டிவிட்டுப் புது டெர்மினல் போடுங்கள்.