மழை நாளுக்கென்று ஒரு காசு

பத்தாங் பெர்ஜுந்தாய்த் தங்கைக்கு,

2007இல் உங்கள் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். நீங்கள் பழைய பெயரையே எழுதியிருந்தீர்கள், நானும் அதையே எழுதுகிறேன்.

‘சேவிங் ஃபார் எ ரெய்னி டே’ என்ற ஆங்கிலத் தொடர் உங்கள் மகளுக்கு விளங்கவில்லையாம். “மழை பெய்தால் நல்லதுதானே அம்மா?” என்கிறாளாம். பாட்டியிடம் அனுப்புங்கள். பால்மரம் வெட்டியவருக்கு அகராதி வேண்டாம்.

அந்தக் கால ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வானம் கறுத்திருந்தால் மேற்பார்க்கும் தண்டல் மேலே பார்ப்பார், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும். மங்குக் கிண்ணத்தில் விழுந்த கொஞ்சமும் மழைத்தண்ணீரோடு போகும். வெட்டு இல்லையென்றால் நாட்கூலிக்காரருக்குக் காசும் இல்லை. நம் பக்கம் மழை வலுப்பதோ அக்டோபர், நவம்பரில், தீபாவளிச் செலவு கழுத்தை நெரிக்கும் நேரம்!

ஆங்கிலத்தின் ‘மழை நாள்’ கிட்டத்தட்ட அதுதான். வேலை போகும், உடம்புக்கு முடியாமல் போகும், கைக்காசு திடீரென்று தேவைப்படும். அதனால் மகள் எழுதிய ‘தீபாவளித் துணி எடுக்க ரெய்னி டேக்குச் சேர்க்கிறேன்’ சரிப்படாது. தீபாவளி என்றைக்கு என்று காலண்டரிலேயே இருக்கிறதே. மலாய்ப் பாடத்தில் வரும் ‘மழைக்கு முன்னே குடையைத் தயார் செய்’ எல்லா முன்னேற்பாட்டுக்கும் பொருந்தும். ‘ரெய்னி டே’ பெரும்பாலும் காசுக்குத்தான்.

தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் வீடும் சேர்ந்தே போயின. அது ஒருநாள் மழையா? அதற்குத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்ட வைத்தார். அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள்.

இப்போது சுற்றிலும் செம்பனை. உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டதுதான் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். பட்டை நனைந்தது என்று குலை வெட்டு நிற்பதில்லை. மகளுக்கு விளங்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மகள் தன் வாக்கியத்தை இப்படி மாற்றட்டும்: ‘கூட்டு விழுந்த காசில் பாதியைப் பாட்டி மழை நாளுக்கென்று எடுத்து வைத்தார்.’ கூட்டு என்ற சீட்டுப் பணம் என்னவென்று ஆசிரியை கேட்டால், அதையும் பாட்டியே சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்