புரோபயாடிக் மாத்திரை வாங்கும் முன்

இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு. இந்த ஐந்தில் மூன்று எல்லை மீறினாலே (நல்ல கொழுப்பு என்றால் எல்லைக்குக் கீழே போனாலே) 'வளர்சிதை மாற்றக் கூட்டுக்கோளாறு'. இந்தியர்களுக்கு இடுப்பின் எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. ரத்தக் குழாய்களின் உட்சுவர் நலம் கெடுவதும் இதோடு சேர்ந்தே வரும்.

இந்தக் கோளாறுக்குப் புரோபயாடிக் உதவுமா? புரோபயாடிக் என்பது உயிருள்ள நல்ல நுண்ணுயிரி, பெரும்பாலும் பாக்டீரியா. பிரீபயாடிக் அதற்கான தீனி, அதாவது நமக்குச் செரிக்காத நார்ச்சத்து. அதைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து, ப்யூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் சுவருக்கு வலு தருபவை இந்த அமிலங்கள்தான். ஆகவே என் ஓட்டு முதலில் தீனிக்கே: சின்ன வெங்காயம், பூண்டு, வாழைக்காய், பயறு, ஆறவைத்த சோறு. நீராகாரமும் நல்லதே, ஆனால் தொட்டுக்கொள்ள உப்பு ஊறுகாய் என்றால் ரத்த அழுத்தம் ஏறும். சர்க்கரை உள்ளவர்கள் சோற்றின் அளவையும் பார்க்கவேண்டும்.

மாத்திரைதான் வேண்டுமா? அட்டையில் பாக்டீரியாவின் முழுப் பெயர், ரக எண், காலாவதி நாள் வரை உயிரோடிருக்கும் எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். ஒரு ரகத்தின் பலன் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இனுலின் பொடியைச் சிறிதளவில் தொடங்குங்கள். இல்லையேல் வயிறு உப்பும்.

பலன் கிடைத்தாலும் சிறியதுதான். தயவுசெய்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை இதற்காக நிறுத்தாதீர்கள். கீமோதெரபி எடுப்பவர்களும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் புரோபயாடிக்கைத் தொடவே கூடாது.