எல்லாக் கோடும் ஏன் சிவப்பாச்சு?

இந்த வார எபிசோட்ல பாதியில விட்ட கதையை இங்கே முடிச்சிடுறேன்.

மாஸ்டர்ஸ் படிக்கும்போது என் பேராசிரியர் தன்னோட பழைய ஐடிஎல் புரோகிராம் ஒன்றைக் கொடுத்தார். வானியல் ஆட்கள் பல வருஷமாகப் பயன்படுத்தும் மொழி அது. அவர் திரையில் பச்சை, நீலம், மஞ்சள் என்று ஐந்து கோடுகள். என் லினக்ஸ் திரையில் எல்லாமே சிவப்பு. அதிலும் இரண்டு கோடுகளைக் காணவே காணோம். டேட்டாதான் தப்பு என்று நினைத்து மூன்று நாள் அதையே தோண்டினேன். டேட்டா சரியாத்தான் இருந்துச்சு.

பழைய யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்கள் பலவற்றில் ஒரு பிக்சலுக்கு 8 பிட்தான். அதாவது 0 முதல் 255 வரை ஒரு எண். அந்த எண் கலர் இல்லை, வெறும் டோக்கன். கோயில் வாசலில் செருப்பு விடும்போது கொடுப்பாங்களே, அது மாதிரி. 200-ஆம் டோக்கனுக்கு என்ன கலர் என்பது தனியாக ஒரு அட்டவணையில் இருக்கும். இதுக்குப் பேர் சூடோகலர்.

இன்றைய திரைகள் 24 பிட் ட்ரூகலர். இங்கே எண்ணே கலர்: சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட். ஐடிஎல் கணக்கில் கடைசி 8 பிட் சிவப்புக்கு. 255 என்றால் முழுச் சிவப்பு. முழுப் பச்சை வேணும்னா 65280. அதனால் பழைய புரோகிராம் 255-க்குள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் சிவப்புதான் வரும். 2, 3 மாதிரி சின்ன எண் என்றால் கிட்டத்தட்ட கறுப்பு. கறுப்புப் பின்னணியில் அது எங்கே தெரியும்?

தீர்வு ஒரே வரி: "டிவைஸ், டிகம்போஸ்ட்=0". எண்ணை டோக்கனாகவே படி என்று அர்த்தம்.

சில மென்பொருள் இன்னும் பிடிவாதம். 8 பிட் திரை இல்லைன்னா திறக்கவே திறக்காது. அதுக்காக முழு டெஸ்க்டாப்பையும் மாத்தாதீங்க. இருக்கிற 256 இடத்துக்கு எல்லா புரோகிராமும் சண்டை போடும். விண்டோ மாறும்போதெல்லாம் மற்ற விண்டோக்களின் கலர் கன்னாபின்னான்னு ஆகிடும். ஸெஃபிர் என்ற கருவி, ஒரு விண்டோவுக்குள்ளேயே 8 பிட்டில் தனி எக்ஸ் சர்வரை ஓட்டும். அந்த மென்பொருளை மட்டும் அதுக்குள்ள விடுங்க.

பேராசிரியரிடம் சொன்னேன். அந்த ஒரு வரி அவரோட ஸ்டார்ட்அப் ஃபைலில் பல வருஷமா இருந்திருக்கு, அவருக்கே மறந்துபோச்சு! அதனால, பழைய புரோகிராம் வாங்கும்போது செட்டிங்ஸையும் சேர்த்துக் கேளுங்க. எனக்குப் போன மூன்று நாள் உங்களுக்குப் போக வேண்டாம்.