கணிப்பொறிப் பாதுகாப்பும் நிறுவனங்களின் கடமையும்

2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணிப்பொறி அமைப்பு முடங்கியது. நோயாளிகளைப் பதிவு செய்தல், பரிசோதனை முடிவுகளை அனுப்புதல் முதலிய பணிகள் ஏறத்தாழ இரு வாரங்கள் கையால் எழுதியே நடத்தப்பட்டன. நெடுந்தொலைவிலிருந்து சிகிச்சைக்கு வருவோர் நாடும் இம்மருத்துவமனையில் ஏற்பட்ட முடக்கம், இணையவழித் தாக்குதலின் சுமை இறுதியில் எவர்மீது விழுகிறது என்பதைத் தெளிவாக்கிற்று.

இத்தாக்குதலில் ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்றும், ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவுகள் படிக்க இயலாதவாறு பூட்டப்பட்டன என்றும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே தாக்குதலுக்கு வழிவகுத்தது. பகுப்பு இல்லாத வலையமைப்பில் ஒரு கணிப்பொறியில் நுழைந்தவர் பிறவற்றையும் எளிதில் அடையலாம். எனினும், பாதிப்புக்கு உள்ளாகாத காப்பு சர்வர் ஒன்று இருந்தமையால் மருத்துவமனைத் தரவுகள் மீட்கப்பட்டன.

2017 மே மாதத்தில் பல நாடுகளைத் தாக்கிய 'வான்னாக்ரை' தரும் பாடம் வேறு. அது பயன்படுத்திய குறைபாட்டிற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. உரிய காலத்தில் அதனை நிறுவியோர் தப்பினர்.

ஆகவே, நிறுவனங்கள் மேற்கொள்ள வேண்டியவை நான்கு: வலையமைப்பைப் பகுத்தல், மென்பொருள் திருத்தங்களைத் தாமதமின்றி நிறுவுதல், பணிக்குத் தேவையான அளவிற்கே ஊழியர்க்கு அணுகல் உரிமை வழங்குதல், காப்புப் படிகளைத் தனியே வைத்து, அவற்றிலிருந்து மீட்க இயலுகிறதா என அவ்வப்போது சோதித்தல்.

ஐந்தாவது கடமை, தாக்குதலை மறைக்காமை. நற்பெயர் கெடும் என்றஞ்சி ஒரு நிறுவனம் மௌனம் காக்குமாயின், அதே முறையில் பிற நிறுவனங்களும் தாக்கப்படலாம். ஒருவரது செயலின் விளைவைப் பிறர் சுமக்கும் இத்தகைய நிலையைப் பொருளியலார் 'புறவிளைவு' என்பர். தனியார் முடிவிற்கே இதனை விட்டுவிட இயலாது. எனவேதான், 2004 முதல் இயங்கிவரும் 'செர்ட்-இன்' அமைப்பு, 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையில், குறிப்பிட்ட வகை நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்குமாறும், கணிப்பொறிப் பதிவேடுகளை 180 நாட்கள் பேணுமாறும் பணித்தது.

பாதுகாப்பிற்கான செலவு, இடர் நேராத ஆண்டுகளில் பயனற்றதாகத் தோன்றக்கூடும். ஆயினும் வெள்ளம் வராத ஆண்டில் கரையைப் பேணுவது வீண்செலவு ஆகாது. வரவு செலவுத் திட்டம் வகுக்கும் ஒவ்வோர் அலுவலகமும் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.