மணிக்கட்டில் கட்டிப் பார்த்துத் தேர்தல்: உயர்விலைக் கைக்கடிகாரம் வாங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

முதல் வேலையில் அமர்ந்து ஓரிரு ஆண்டுகள் கழிந்த இளைஞர்கள் தம் சேமிப்பிலிருந்தும், மாப்பிள்ளைக்குக் கடிகாரம் போடும் குடும்பத்தார் கல்யாணச் செலவிலிருந்தும் சில லட்சம் ரூபாயை எடுத்து ஒரே ஒரு சுவிஸ் கைக்கடிகாரத்துக்குக் கொடுப்பது இன்று அரிதான செய்தியன்று. அவ்வாறு வாங்கப்பட்டவற்றுள் பல, ஓராண்டு முடிவதற்குள் அலமாரிப் பெட்டிக்குள் போய்விடுகின்றன என்பதுதான் வருந்தத்தக்கது. கைபேசியில் கண்ட படத்தையும், உடன் பணிபுரிபவர் அணிந்திருந்ததையும், தங்கமாக இருந்தால்தான் சபையில் மதிப்பு என்ற பெரியவர்களின் பேச்சையும் நம்பி, கையில் ஒருமுறைகூடக் கட்டிப் பார்க்காமல் முடிவெடுத்தவர்களின் கடிகாரங்களே பெரும்பாலும் இந்நிலைக்கு ஆளாகின்றன. கட்டிப் பார்ப்பது எப்படி, எவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது, எந்த வழியை விலக்குவது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லோரும் அறிந்த பிரிவுகளை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மின்கலத்தால் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் காலத்தைத் துல்லியமாகக் காட்டும். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் அஸ்ட்ரானை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே அதில் ஐயமில்லை. சுருள்வில்லின் விசையால் ஓடும் இயந்திரக் கடிகாரம், சுவிஸ் துல்லியச் சான்றான காஸ்க் பெற்றதாயினும், நாளொன்றுக்கு 4 நொடி பின்தங்கவோ 6 நொடி முந்தவோ இடமுண்டு. இயந்திர வகையிலும், அணிபவரின் கையசைவால் தானே முறுக்கிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் ஒன்று, நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டியது இன்னொன்று. இவற்றுள் எது வேண்டும் என்பதை வீட்டிலிருந்தே முடிவு செய்துவிடலாம். கடைக்குப் போயே தீர வேண்டியது பொருத்தத்தை அறிவதற்காக.

பொருத்தம் என்றவுடன் வாங்குவோர் முகப்பின் விட்டத்தையே கேட்கிறார்கள். கையில் கடிகாரம் எவ்வாறு அமரும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் விட்டமன்று. பட்டையை மாட்டுவதற்காகக் கூட்டிலிருந்து மேலும் கீழும் நீண்டிருக்கும் கொம்புகளுக்கு, அதாவது கடைக்காரர் லக் என்று சொல்லும் பகுதிகளுக்கு, இடையிலுள்ள முழு நீளமே. ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச் 42 மி.மீ. விட்டமுடையது, ஆனால் அதன் கொம்புகளின் முனைகளுக்கு இடையே சுமார் 47.5 மி.மீ.தான் உண்டு, கிராண்ட் செய்கோவின் ஸ்னோஃப்ளேக் 41 மி.மீ. விட்டமே உடையதாயினும் அந்நீளம் 49 மி.மீ. ஆகிவிடுகிறது. எண்ணை மட்டும் படித்தவர் முதலாவதைப் பெரியதென்று ஒதுக்கி இரண்டாவதை வாங்கிக் கொம்புகள் கையின் ஓரத்தைத் தாண்டி நிற்கக் காண்பார். மணிக்கட்டின் சுற்றளவை நூலால் அளந்துகொண்டு போவதும் இதே காரணத்தால் போதாது. ஒரே சுற்றளவுள்ள இருவரில் ஒருவரின் கை உருண்டும் மற்றவருடையது தட்டையாகவும் இருக்கும், தட்டையான கையோ கடிகாரத்துக்கு அதிக இடம் தரும். கொம்புகளின் முனைகள் மணிக்கட்டின் மேற்பரப்புக்குள் அடங்குகின்றனவா என்பதை நேரே மேலிருந்து பார்த்து அறிவதே முதற் சோதனை.

இரண்டாவது சோதனை கண்ணாடி. கையை முகத்தருகே உயர்த்திப் பார்க்கும்போதும், கைபேசியால் அருகிலிருந்து படம் எடுக்கும்போதும், கடிகாரம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்; அகன்ற கோணமுடைய கைபேசி வில்லை தனக்கு மிக அண்மையிலுள்ள பொருளைப் பெருக்கியும் பின்னுள்ளதைச் சுருக்கியும் காட்டுவதே படத்தில் அதற்குக் காரணம். படங்களில் பெரிதாகத் தோன்றியதென்று நல்ல கடிகாரத்தை ஒதுக்கியவர்கள் உண்டு. எனவே கையைத் தொங்கவிட்டு ஆளுயரக் கண்ணாடியின் முன் நின்று, பிறர் காணும் தொலைவிலிருந்து பார்க்க வேண்டும். கடையின் கூர்விளக்கொளியில் எல்லா முகப்பும் மின்னும். அந்த மினுக்கத்தை நம்பாமல், பணியாளரிடம் சொல்லிச் சாளரத்தருகே பகல் வெளிச்சத்தில் முள்கள் ஒரே பார்வையில் தெரிகின்றனவா என்று காண்பது இன்றியமையாதது. ஸ்னோஃப்ளேக்கின் முகப்பிலுள்ள, படிந்த பனியை ஒத்த மெல்லிய மேடுபள்ளம் எந்தப் படத்திலும் முழுமையாக வருவதில்லை; ஒளி சாய்ந்து விழும் கோணத்தில் நேரில் பார்ப்பவருக்கே அது புலப்படும்.

மூன்றாவது சோதனை வெப்பத்தைச் சார்ந்தது. ஐரோப்பிய நூல்கள் இதற்கு ஓரிரு வரியே ஒதுக்கினாலும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வாழ்பவருக்கு இதுவே தலையாயது. வெயிலில் மணிக்கட்டு பருக்கிறது, குளிரூட்டிய அறையில் சுருங்குகிறது. காலையில் குளிர்ந்த கடையில் அளவாக இருந்த செயின், அதாவது உலோகக் கண்ணிகளாலான பட்டை, பிற்பகலில் தெருவில் இறங்கியதும் இறுகிவிடும். பூட்டுக்குள்ளேயே கருவியின்றிச் சில மி.மீ. தளர்த்தவும் இறுக்கவும் வழியுள்ள செயின் இங்கே ஆடம்பரமன்று. ரோலெக்ஸ் சப்மரினரின் பூட்டு 2 மி.மீ. அளவான படிகளாக 20 மி.மீ. வரை நீளக்கூடியது என்பது, நீர்மூழ்கும் உடைக்கு மேல் அணிவதற்காகச் செய்யப்பட்டதாயினும், கோடைக்காலக் கைக்கும் பெரிதும் உதவுகிறது. தோல்பட்டை வியர்வையில் ஊறிக் கறுத்து நாறும் என்பதால் அதை விரும்புவோர் ஆண்டுக்கு ஒரு பட்டையைச் செலவாகக் கணக்கிட்டுக்கொள்வது நலம். கடைக்குப் பிற்பகலில், சற்று நடந்த பின் செல்வதும், அளவு குறைக்காத செயினாக இருந்தால் அடியில் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பார்ப்பதும், முழுக்கைச் சட்டையின் கைவிளிம்பு கூட்டின் மேல் வழுக்கி இறங்குகிறதா என்று காண்பதும், சாவித் திருகு புறங்கையில் குத்துகிறதா என்று மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கிப் பார்ப்பதும் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் கால்மணி நேரத்துக்குப் பிறகும் கையில் கடிகாரம் இருக்கும் உணர்வு உறுத்தலாகவே நின்றால் பிற்காலத்தில் பழகிவிடும் என்ற ஆறுதலை ஏற்கக் கூடாது.

தங்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 18 காரட் தங்கம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அடர்த்தியுடையது; தங்கச் செயினோடு கூடிய கடிகாரத்தின் எடையை நாள்முழுதும் தாங்கும் பழக்கம் பெரும்பாலோர்க்கு இல்லை. டைட்டேனியம் எஃகைவிட மிக இலேசானது. சிலருக்கு அது மதிப்பற்றதுபோல் தோன்றினாலும், தட்டச்சு செய்பவரின் கை அதற்கு நன்றி சொல்லும்.

இனி விலக்க வேண்டிய வழி. செயினும் கூடும் ஒரே உடலாகச் சேர்ந்த, அல்லது பெயரளவில் நீர்மூழ்குவோர்க்கான, எஃகு விளையாட்டுக் கடிகாரத்தையே முதற் கடிகாரமாகக் கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இளையோரிடம் இன்று சட்டம்போல் நிலவுகிறது. இவ்வெண்ணத்தின் தோற்றுவாய் பழுதற்றது. ஜெரால்டு ஜென்டா வரைந்து 1972-இல் ஓடமார் பிகே வெளியிட்ட ராயல் ஓக், 39 மி.மீ. எஃகுக் கூட்டுக்கு 3,300 சுவிஸ் பிராங்கு விலை கேட்ட துணிச்சலான படைப்பு. அவரே வரைந்து 1976-இல் படேக் பிலிப் வெளியிட்ட நாட்டிலஸும் அவ்வாறே. குறை அவ்வடிவங்களில் இல்லை. அவற்றை வாங்கும் முறையில் இருக்கிறது.

அந்த முறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். கேட்போர் மிகுந்தும் படைப்பு குறைந்தும் இருப்பதால், இவ்வகைக் கடிகாரங்கள் அங்கீகரிக்கப்பட்ட கடைகளில் விற்பனைக்குக் கிடைப்பது அரிது. விருப்பம் தெரிவித்தோரின் பெயர்கள் பட்டியலாகக் காத்திருக்கின்றன, முன்னரே வேறு பொருள்களை வாங்கியவருக்கு முன்னுரிமை தரும் வழக்கமும் சில கடைகளில் உண்டு. பல மாதமோ சில ஆண்டுகளோ கழித்துக் கடையிலிருந்து அழைப்பு வரும்போது, வாங்குபவர் அப்போதே ஏற்றாக வேண்டும், இல்லையேல் அது அடுத்தவருக்குப் போய்விடும். ஒப்பிடவும் தயங்கவும் மறுநாள் வரவும் இங்கே இடமேயில்லை. கட்டிப் பார்த்துத் தேர்பவன் கடிகாரத்தைத் தேர்கிறான். பட்டியலில் நிற்பவனையோ கடை தேர்கிறது. சிலர் காத்திருக்கப் பொறுக்காமல் அங்கீகாரம் பெறாத வணிகரிடம், பட்டியல் விலையைக் காட்டிலும் மிகுதியாகக் கொடுத்து, படத்தைப் பார்த்தே வாங்குகிறார்கள். விலை ஏறிக்கொண்டே போகும், நட்டம் வராது என்பதே இவர்கள் கூறும் சமாதானம். நீல முகப்புடைய எஃகு நாட்டிலஸ் 5711-ஐ நிறுத்துவதாக 2021-இல் செய்தி வந்தபின் மறுவிற்பனையில் அதன் விலை பட்டியல் விலையைப்போல் சில மடங்காக உயர்ந்தது உண்மையே. 2022-இன் தொடக்கத்துக்குப் பின் அச்சந்தை பெரிதும் சரிந்ததும் அதே அளவு உண்மை. உச்சத்தில் வாங்கிய இளைஞர், பொருந்தாத கடிகாரத்தை நட்டமின்றி விற்கவும் முடியாமல், மகிழ்ந்து அணியவும் முடியாமல் அல்லற்படுகிறார்.

பொருத்தத்தை நோக்கினாலும் இவ்வகையே அதிகம் ஏமாற்றுகிறது. செயினின் முதற் கண்ணி கூட்டோடு இறுகப் பிணைந்து சிறிது தூரம் நேராக நீண்டபின்னரே கீழ்நோக்கி மடிவதால், அட்டவணையில் சிறியதாகக் குறிக்கப்பட்ட கடிகாரமும் மெல்லிய கையில் பாலம்போல் நிற்கும். கோடையில் தளர்த்தும் வசதி பலவற்றில் இல்லை. ஒரே உடலாக இருப்பதால் வேறு பட்டையை மாட்டுவதும் பெரும்பாலும் கடினம். 300 மீட்டர் ஆழம் தாங்கும் கூடு, குளத்தில்கூட இறங்காத ஒருவருக்குத் தடிமனையும் எடையையும் தவிர வேறொன்றும் தருவதில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அவ்வடிவத்தையே ஒருவரின் மனம் நாடுமானால், சில கடைகள் விற்பனைக்கன்றிக் காட்சிக்கென்றே வைத்திருக்கும் கடிகாரத்தைக் கட்டிப் பார்க்கவேனும் அனுமதி கேட்க வேண்டும். அதையும் மறுக்கும் கடையில் பெயர் பதிவதால் பயனில்லை.

மெல்லிய மணிக்கட்டும் அலுவலக வாழ்வும் உடைய பெரும்பாலோர்க்கு உகந்தது, ஆரவாரமற்ற மெலிந்த கடிகாரமே என்பது இக்கட்டுரையின் துணிபு. 1932-இல் வந்த படேக் பிலிப்பின் முதல் கலட்ரவா 31 மி.மீ. விட்டமே உடையதாயிருந்தும் ஆண்மைக்குக் குறைவென்று எவரும் அதை எண்ணவில்லை, 39 மி.மீ.க்கு வளர்ந்த ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 2021-இல் மீண்டும் 36 மி.மீ.க்கு இறங்கியது. லூயி கார்ட்டியே 1917-இல் வடிவமைத்த டாங்க், பெரிய அளவிலும் 33.7 மி.மீ. நீளமும் 25.5 மி.மீ. அகலமும் கொண்டு, 7 மி.மீ.க்கும் குறைந்த தடிமனோடு சட்டைக்கைக்குள் மறைந்துவிடும். ஜெஜர் லெகூல்த்ருவின் ரிவெர்சோ இந்நாட்டோடு தொடர்புடையது: இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி அடிபட்டு உடைந்ததால், முகப்பை உட்புறமாகத் திருப்பி வைக்கும்படி 1931-இல் அது உருவாயிற்று. நீள்சதுரக் கடிகாரம் வட்டக் கடிகாரத்தின் அளவுக் கணக்குக்கு அடங்காது என்பதால் இவ்விரண்டையும் படத்தைக் கண்டு வாங்கவே கூடாது. நாள்தோறும் காலையில் சாவி கொடுக்கும் கடிகாரம் தொல்லை என்று கூறப்படுகிறது. ஒரு நிமிடமும் பிடிக்காத அவ்வேலையே இயந்திரத்தோடு அணிபவருக்குள்ள உறவை வளர்க்கிறது. ஆட்டோமேட்டிக் அணிபவரில் பலர் தம் கடிகாரத்தின் திருகைத் திருகிப் பார்த்ததே இல்லை.

வாங்கும் இடத்தைப் பற்றிச் சில செய்திகள் போதும். துபாயிலும் சிங்கப்பூரிலும் விலை குறைவென்று எண்ணுவோர், திரும்பும்போது செலுத்த வேண்டிய சுங்கத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இந்தியாவுக்கும் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளுக்கும் இடையே 2024 மார்ச்சில் கையெழுத்தாகி 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த வணிக உடன்பாட்டால் சுவிஸ் கடிகாரங்களின் சுங்கம் படிப்படியாகக் குறைய வழி ஏற்பட்டிருக்கிறது. ஆகவே இப்போதே வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்துக்குக் காரணமில்லை. உள்நாட்டில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்குபவர் பான் எண்ணைத் தர வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

காத்திருத்தல் இருவகைப்படும். கடையின் தயவுக்காகக் காத்திருப்பது ஒன்று. தன் கையும் கண்ணும் எதை ஏற்கின்றன என்று தெளியும்வரை காத்திருப்பது மற்றொன்று. இரண்டாவதே கல்வியாகும். எந்தத் துறையிலும் தன் இயல்பை அறியாமல் ஊர் போகும் வழியில் போன மாணவர் பாதியில் திரும்புவதைக் காண்கிறோம். பெற்றோர் விரும்பிய படிப்பில் மனமின்றி உட்கார்ந்தவரும் அவ்வாறே. கடிகாரம் படிப்பைவிடச் சிறியதாயினும், தனக்கு எது பொருந்தும் என்று பொறுமையோடு ஆராயும் பழக்கத்தை அது எளிதாகக் கற்றுத் தரும். மூன்று நான்கு கடைகளில் பத்துப் பன்னிரண்டு கடிகாரங்களையேனும் கட்டிப் பார்த்து, பிடித்தவற்றின் அளவுகளை எழுதிவைத்து, ஓரிரு மாதம் கழித்து மீண்டும் சென்று பார்க்கும்போதும் அதே கடிகாரம் பிடித்திருந்தால் தயங்காமல் வாங்கலாம். பெரியவர்களும் தம் விருப்பத்தைச் சொல்லி, முடிவை அணிபவரிடம் விட்டுவிடுவதே முறை. மாப்பிள்ளைக்குப் போடும் கடிகாரத்தைத் திருமண நாளில் திறந்து காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தச் சடங்கிலும் இல்லை. தொகையை மட்டும் ஒதுக்கிவிட்டு, அலைச்சல் தீர்ந்தபின் அவரையே கடைக்கு அழைத்துச் செல்லலாம். வாங்கும் நாளில் செயினை அங்கேயே அளவு குறைத்து, கழற்றிய கண்ணிகளை உத்தரவாத அட்டையோடு கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளில் கை பருக்கும்போது, விற்பனை நின்றுபோன மாதிரிக்கு வேறெங்கும் கண்ணி கிடைப்பது அரிது.