பிளஸ் டூவைத் தாண்டிக் குதிக்கலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். தமிழிலும் இங்கிலீஷிலும் நன்றாக எழுதுவாள். கட்டுரைப் போட்டி என்றால் பரிசு இல்லாமல் வீட்டுக்கு வரமாட்டாள். கணக்கும் வேதியியலும்தான் அவளுக்குப் பாடாய்ப் படுத்துகின்றன. அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார், அங்கே சில கல்லூரிகள் மார்க்கைப் பார்க்காமல் கட்டுரைத் தேர்வு வைத்தே இடம் கொடுக்கின்றன, பதினொன்றாவது முடித்தாலே சேரலாம் என்று சொன்னார். அன்றிலிருந்து பிளஸ் டூ புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறாள். இங்கேயும் அப்படி வழி உண்டா? அவள் பேச்சைக் கேட்கலாமா?
– ஒரு தாய், ராஜகீழ்ப்பாக்கம்

பதில்: உங்கள் நாத்தனார் சொன்னது பொய்யில்லை அம்மா. நியூயார்க் மாநிலத்தில் பார்ட் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. 2013-ல் அவர்கள் ஒரு நுழைவுத் தேர்வைத் தொடங்கினார்கள். நான்கு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 2,500 சொற்கள். கல்லூரிப் பேராசிரியர்களே திருத்துவார்கள். நான்கிலும் 'பி பிளஸ்' தரம் வாங்கினால் இடம் உண்டு. அதே கல்லூரியின் கீழ் வந்த சைமன்ஸ் ராக், 1966-ல் தொடங்கியதிலிருந்தே பத்து, பதினொன்று முடித்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. ஆக இரண்டுமே உண்மை. ஆனால் 2,500 சொல் என்பது அச்சில் ஏழெட்டுப் பக்கம் வரும். மூல நூல்களைப் படித்து வாதாட வேண்டும். பள்ளிப் போட்டிக் கட்டுரை மாதிரி முக்கால் மணி நேரத்தில் முடிகிற காரியமில்லை.

சின்ன வயதில் கல்லூரிக்குப் போவது நமக்கும் புதிதல்ல. உங்கள் அப்பாவையோ மாமனாரையோ கேட்டுப் பாருங்கள். அன்று பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் நேராகக் கல்லூரிக்குப் போய் ஒரு வருடம் பி.யூ.சி. படித்தார்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் நடமாடியது அப்படித்தான். 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததும் அந்த வாசல் மூடியது.

இன்றைய நிலை இதுதான்: இந்தியாவில் பிளஸ் டூவோ அதற்கு இணையான படிப்போ தேறாமல் பட்டப்படிப்பில் சேர முடியாது. எவ்வளவு அருமையாக எழுதினாலும் சரி. அமெரிக்காவில் பட்டம் வாங்கிவிட்டுத் திரும்பி வந்தாலும் இது விடாது. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளில் 'பத்து, பிளஸ் டூ, அதன்பின் பட்டம்' என்ற வரிசையைக் கேட்பார்கள். முன்பு பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களின் கதையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-ல் அரசாணை எண் 107 வந்தது. பட்டம் கையில் இருந்தும் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கோர்ட் படி ஏறியவர்கள் எத்தனையோ பேர். பதினாறு வயதுப் பெண்ணின் கோபத்துக்காக அந்தக் கதவை நீங்களே சாத்திவிடாதீர்கள்.

ஆனால் பிளஸ் டூ படித்துக்கொண்டே, ரிசல்ட் வருவதற்கு முன்பே இடத்தை உறுதி செய்துகொள்ளலாம். உங்கள் மகளுக்கு ஏற்றது இதுதான். ஹரியானா சோனிபட்டில் உள்ள அசோகா பல்கலைக்கழகம் பல சுற்றுகளாக விண்ணப்பம் வாங்குகிறது. திறனறித் தேர்வு, நேர்காணலோடு, கொடுத்த தலைப்பில் அங்கேயே உட்கார்ந்து எழுதும் கட்டுரையும் உண்டு. செலவு விடுதியோடு சேர்த்து வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். வருமானம் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள், தயங்காமல் கேளுங்கள். பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்திலும் முன்கூட்டிய சேர்க்கைச் சுற்று நடந்திருக்கிறது. அங்கேயும் கட்டணச் சலுகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. எங்கே இடம் கிடைத்தாலும் அது பிளஸ் டூ தேறினால்தான் செல்லும்.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஐந்தாண்டு எம்.ஏ. படிப்புக்கு எச்.எஸ்.இ.இ. என்ற தேர்வு, அதில் கடைசி அரை மணி நேரம் கட்டுரை. 2022-க்குப் பிறகு அது இல்லை. இன்னமும் அதற்குப் பயிற்சி தருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே ஐ.ஐ.டி.யின் பி.எஸ். தரவு அறிவியல் படிப்புக்குப் பதினொன்றாவது முடித்தவர்களே தகுதித் தேர்வு எழுதலாம், பிளஸ் டூ முடித்தபின் சேரலாம். ஆனால் அது முழுக்கக் கணக்கு. உங்கள் மகளிடம் சொன்னால் ஓடிவிடுவாள்!

மற்றபடி தமிழ்நாட்டில் கலைக் கல்லூரிகளோ, பொறியியல் கலந்தாய்வோ, பார்ப்பது பிளஸ் டூ மதிப்பெண்ணைத்தான். இது குறை என்று நான் சொல்லமாட்டேன். கட்டுரைத் தேர்வும் ஆளை எடைபோடுவதில் தவறும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் உதவித்தொகையை இழந்தது இங்கிலீஷ் கட்டுரைத் தாளில் தவறித்தான்.

இனி எழுத்துக்கு வருவோம். பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சட்டகம் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். 'நீரின்றி உலகில்லை' என்று தொடங்கி, 'நீரைக் காப்போம், நாட்டைக் காப்போம்' என்று முடியும். இதற்கு மாவட்டப் பரிசு கிடைக்கும், மேலே சொன்ன இடங்களில் எடுபடாது. அங்கே திருத்துபவர் தேடுவது ஒரு நிலைப்பாட்டையும் அதற்கான காரணத்தையும்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு தலைப்பு கொடுங்கள்: 'செம்பாக்கம் ஏரிக்கரையில் பல வருடமாக வீடு கட்டி இருப்பவர்களை வெளியேற்றுவது நியாயமா?' அரை மணி நேரம், செல்போன் இல்லாமல். முதல் ஐந்து நிமிடம் யோசிக்க மட்டும். முதல் வரியிலேயே ஆம் அல்லது இல்லை என்று வரட்டும். அடுத்த பத்தியில், தன் கருத்தை எதிர்ப்பவரின் வலுவான வாதத்தை அவளே எழுதிப் பதில் சொல்லட்டும். நம் பிள்ளைகள் திணறுவது இந்தப் பத்தியில்தான். எழுதியதை நீங்கள் படித்துப் பாருங்கள். உங்களுக்கு எந்த இடத்தில் கோபம் வருகிறதோ, அங்கேதான் கட்டுரை உயிரோடு இருக்கிறது. தேர்வு இங்கிலீஷில் என்பதால் பயிற்சியும் அதிலேயே இருக்கட்டும்.

கணக்கும் வேதியியலும் இவ்வளவு படுத்தினால் பிரிவை மாற்ற முடியுமா என்று இந்த வாரமே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பிளஸ் டூவுக்குப் போன பிறகு மாற்றுவது கஷ்டம். தேதிகளை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் மட்டும் பாருங்கள். 'கட்டுரை நாங்களே எழுதித் தருகிறோம், சீட் உறுதி' என்று வேளச்சேரி மெயின் ரோட்டில் யார் போர்டு வைத்திருந்தாலும் ஒரு ரூபாய் முன்பணம் கட்டாதீர்கள்.