கிரிஸ்பர் வேறிடத்திலும் வெட்டியதா? நெல்லில் அளந்து பார்க்கும் முறை

மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை 2025 மே மாதம் இந்தியா அறிவித்தது. மலேசியாவில் கோலா கெடாவைச் சுற்றியுள்ள மூடா நெல் வயல்களுக்கும் அப்படியொரு விதை ஒருநாள் வரலாம். ஆனால் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையில் ஆய்வு செய்யும் நம் மாணவர்கள் பலர், குறிவைத்த இடத்தில் வெட்டு விழுந்ததைக் காட்டியதும் வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். வேறெங்கும் வெட்டவில்லை என்பதையும் அளந்துதான் சொல்ல வேண்டும்.

1. சந்தேகப் பட்டியல் போடுங்கள். கிரிஸ்பரில் டிஎன்ஏவை வெட்டும் காஸ்9 நொதிக்கு இடம் காட்டுவது 20 எழுத்துள்ள வழிகாட்டி ஆர்என்ஏ. அதற்கு இணையான டிஎன்ஏவை ஒட்டி ‘என்ஜிஜி’ (ஏதேனும் ஓர் எழுத்து, பின் இரண்டு ஜி) இருக்க வேண்டும். நான்கு எழுத்து வரை மாறியிருக்கும் இடங்களைக் காஸ்-ஆஃப்ஃபைண்டர் மென்பொருளில் தேடுங்கள். ‘என்ஏஜி’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வேகம் குறைவென்றாலும் அங்கேயும் வெட்டும்.

தேடுவது உங்கள் ரகத்தின் மரபணுத்தொகுதியிலா என்று பாருங்கள். எல்லோரும் எடுக்கும் நிப்பான்பாரே, ஜப்போனிக்கா வகை. மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 2001இல் வெளியிட்ட எம்ஆர்219, இண்டிகா. ஓரெழுத்து மாறினாலே புதிய வெட்டுமிடம் உருவாகிவிடும். தலசீமியா, சிக்கிள் செல் நோய்களுக்கான காஸ்ஜெவி சிகிச்சையின் வழிகாட்டிக்கு அப்படியோர் இடம் உண்டு என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. பொது மரபணுத்தொகுதியில் அந்த இடம் இல்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினர் சிலரிடம் இருக்கிறது.

2. குழாயில் வெட்டிப் பாருங்கள். இளம் இலையின் டிஎன்ஏவை நொதியோடும் வழிகாட்டியோடும் வைத்து, முழுவதையும் சீக்குவென்சிங் செய்யுங்கள். 2015இல் கொரியக் குழு வெளியிட்ட டைஜீனோம்-செக் முறை இது. வெட்டு விழாத இடத்தில் வாசிப்புகள் முன்னும் பின்னுமாகத் தொடங்கும். விழுந்த இடத்தில் எல்லாம் ஒரே எழுத்தில் வரிசைகட்டி நிற்கும். குழாயில் நொதி மிகுதி. அது செடியில் வெட்டாத இடத்தையும் இங்கே வெட்டும். கிடைப்பதைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எழுதாதீர்கள்.

3. செடியில் அளந்து பாருங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பட்டியலிலுள்ள ஒவ்வோர் இடத்தையும் பிசிஆரில் பெருக்கி, சீக்குவென்சிங் செய்து, கிரிஸ்பரெஸ்ஸோ2 மென்பொருளில் போடுங்கள். டி7 நொதியும் ஜெல்லும் போதும் என்று நிற்காதீர்கள். நூற்றில் ஒன்றுக்குக் கீழே அவை காட்டாது.

ஒப்பிடும் செடி வயலில் பிடுங்கிய நாற்றாக இருக்கக் கூடாது. திசு வளர்ப்பே மரபணுவில் மாற்றங்களை உண்டாக்கும். திருத்திய நெற்செடிகளில் கண்ட மாற்றங்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவையே என்று 2018இல் முழு மரபணுத்தொகுதி ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே அதே கேலஸ், அதே ஊடகம், அதே அக்ரோபாக்டீரியம், காஸ்9 உண்டு, வழிகாட்டி மட்டும் இல்லை: அதுதான் கன்ட்ரோல்.

10,000 வாசிப்புகளில் 14 மாறியிருக்கிறது, கன்ட்ரோலிலும் 12 என்றால், அது சீக்குவென்சிங் பிழை. மாற்றம் ‘என்ஜிஜி’க்கு மூன்றெழுத்து முன்னால், காஸ்9 வெட்டும் புள்ளியில் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாதிக்குப் பாதி வாசிப்புகள் மாறியிருந்தால் விதைக்கும் போகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைவென்றால் சில உயிரணுக்களில் மட்டும் இருக்கலாம், அடுத்த தலைமுறையில் சோதியுங்கள்.

4. தவறான வெட்டு உறுதியானால் வழிகாட்டியை மாற்றுங்கள். அதற்கு வழியில்லையென்றால் 2016இல் வந்த காஸ்9-எச்எஃப்1 போன்ற துல்லியம் கூடிய நொதியை எடுங்கள்.

5. அறிக்கையில் “வேறு வெட்டு இல்லை” என்று எழுதாதீர்கள். எத்தனை இடங்கள் பார்த்தீர்கள், எத்தனை வாசிப்புகள், கன்ட்ரோல் எவ்வளவு, எந்த விகிதத்துக்குக் கீழே உங்கள் முறைக்குத் தெரியாது என்று எழுதுங்கள். விதையை நம்பி நிலத்தில் இறங்கும் விவசாயிக்கு நாம் தர வேண்டிய கணக்கு அது.